விடுப்பு உண்டு, மாற்று ஆசிரியர் இல்லை

உத்தரப் பிரதேசத்தின் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 2024 ஜூலையில் அரசாணையொன்றைக் கூட்டாக ஏற்க மறுத்தனர். ஜூலை 8 முதல் ஒவ்வோர் ஆசிரியரும் பள்ளிக்கு வந்ததும் கைக்கணினியின் முன் முகத்தைக் காட்டி வருகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அடிப்படைக் கல்வித் துறையின் ஆணை. ஆசிரியர்கள் கறுப்புப் பட்டை அணிந்து வகுப்புகளை நடத்தினார்கள். முகத்தை மட்டும் காட்டவில்லை. ஜூலை 16 அன்று அரசு தன் ஆணையை நிறுத்தி வைத்தது.

ஊடகங்களில் ஒரு பகுதி இதனை, நேரத்துக்கு வர விரும்பாதவர்களின் அடாவடியாகச் சித்திரித்தது. ஆசிரியர் சங்கங்கள் அப்போது முன்வைத்த கோரிக்கைகளை அது பொருட்படுத்தவில்லை. அவற்றுள் ஒன்று அரைநாள் விடுப்பு. பிற அரசு ஊழியர்களைப் போல் தங்களுக்கும் ஈட்டிய விடுப்பும், தேவைப்படும்போது அரைநாள் விடுப்பும் வேண்டும் என்று லட்சக்கணக்கானோர் பணியாற்றும் ஒரு துறை, நாடு விடுதலை பெற்று எழுபத்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் கேட்டுக்கொண்டிருந்தது. மிகச் சிறிய கோரிக்கைதான். ஆனால், விடியற்காலையில் பிள்ளைக்கு வாந்தி கண்டாலோ, படுக்கையிலிருக்கும் மாமியாரை மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தாலோ, இரண்டு மணி நேரம் போதும் என்ற இடத்தில் முழுநாள் விடுப்பு கழிந்துவிடுகிறது. விடுப்பு தீர்ந்துபோயிருந்தால் அந்நாளின் ஊதியமே போய்விடுகிறது. பிள்ளையையும் மாமியாரையும் யார் அழைத்துச் செல்வது என்பதில் இந்தியக் குடும்பங்களில் ஐயப்பாடு எதுவும் இல்லை. அந்த அரைநாளுக்குள் ஒரு பெரிய வினா ஒளிந்திருக்கிறது.

அந்த வினாவைக் கல்வியியல் துறையும் மேலாண்மைத் துறையும் அறியாதவை அல்ல. 'பணி–குடும்பப் பாத்திர முரண்' என்று அதற்குப் பெயர். 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கிரீன்ஹாஸ், பியூடெல் இருவரும் இதனை மூன்றாகப் பிரித்தனர்: ஒரு பாத்திரத்துக்குச் செலவிடும் நேரம் மற்றொன்றைத் தின்பது, ஒன்றின் களைப்பு மற்றொன்றில் படிவது, ஒன்றுக்குரிய நடத்தை மற்றொன்றுக்குப் பொருந்தாமல் போவது. பகுப்பில் பிழையில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களில் பெண் ஆசிரியர்களைப் பற்றி எழுதப்படும் ஆய்வேடுகள் பல இந்தப் பகுப்பைக் கையிலெடுத்துக்கொண்டு, வினாத்தாள் கொடுத்து, மதிப்பெண் கூட்டி, ஆசிரியைக்கு எவ்வளவு வலிக்கிறது என்று அளந்து சொல்கின்றன. வலி யாரால் உண்டாகிறது என்ற கேள்விக்கு வந்ததும் அவற்றின் குரல் தாழ்ந்துவிடுகிறது. கடைசி அத்தியாயத்தில் யோகாவும் நேர மேலாண்மையும் குடும்பத்தாரின் ஒத்துழைப்பும் பரிந்துரைகளாக வரும். சாலை போடாதவனை விட்டுவிட்டுப் பள்ளத்தில் விழுந்தவளுக்கு நடைப்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் கதை இது.

ஒன்றிய அரசின் சொந்தப் புள்ளிவிவரங்களே இதைவிடத் தெளிவாகப் பேசுகின்றன. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, 2019இல் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் நாளொன்றுக்கு 299 நிமிடங்களை அதில் செலவிட்டார்; ஆண் 97 நிமிடங்களைச் செலவிட்டார். 2024இல் பெண்ணின் நேரம் 289 நிமிடங்களாயிற்று. முன்னேற்றம் என்று அரசு விளம்பரப்படுத்தியது. அதே ஐந்தாண்டுகளில் ஆணின் நேரமும் 88 நிமிடங்களாகக் குறைந்துவிட்டது. கழித்துப் பார்த்தால், இருவருக்கும் இடையிலான தொலைவு 202 நிமிடங்களிலிருந்து 201 நிமிடங்களுக்கு வந்திருக்கிறது. ஐந்தாண்டுகளில் ஒரு நிமிடம்!

இந்த 289 நிமிடங்களை வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் பெண் ஆசிரியர் பள்ளிக்கு வருகிறார். யுடைஸ் பிளஸ் தரவின்படி 2024–25இல் நாட்டின் பள்ளி ஆசிரியர் எண்ணிக்கை முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது, அவர்களுள் 54.2 விழுக்காட்டினர் பெண்கள். அதே தரவு இன்னொன்றையும் சொல்கிறது. நாட்டில் 1,04,125 பள்ளிகளில் ஒரே ஓர் ஆசிரியர்தான் இருக்கிறார். அந்தப் பள்ளிகளை நம்பி 33 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் இருக்கின்றனர். ஓராசிரியர் பள்ளிகளின் எண்ணிக்கையில் ஆந்திரப் பிரதேசம் முதலிடம். அவற்றில் படிக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசம் முதலிடம், ஆறு லட்சத்துக்கும் மேல்.

முரண் என்ற சொல்லின் முழுப் பொருளும் இந்த ஓராசிரியர் பள்ளியில்தான் விளங்கும். அங்கே பணியாற்றும் ஆசிரியையின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், அவர் விடுப்பு எடுக்கும் அன்று பள்ளியின் கதவு திறக்காது. ஐந்து வகுப்புகளின் பிள்ளைகளும் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். மதிய உணவு பல இடங்களில் நின்றுபோகும். கூலி வேலைக்குச் சென்றிருக்கும் தாய், அன்று தன் சிறு மகனைப் பார்த்துக்கொள்ள மூத்த மகளை வீட்டில் நிறுத்த வேண்டும். ஆக, ஒரு பெண்ணின் விடுப்பு, அவளைவிட ஏழ்மையான முப்பது பெண்களின் ஒருநாள் கூலியோடு மோதுகிறது. தன் பிள்ளையா, ஊரார் பிள்ளைகளா என்று தேர்ந்தெடுக்கும்படி அந்த ஆசிரியை ஆண்டில் பலமுறை கட்டாயப்படுத்தப்படுகிறார். எதைத் தேர்ந்தெடுத்தாலும் குற்றவுணர்வு அவருடையது. காலியிடத்தை நிரப்பாத அரசுக்கு அதில் பங்கேதும் இல்லை.

இது சட்டமீறல் என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தொடக்கப் பள்ளியில் அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்கிறது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கக்கூடாது என்பது அதன் 26ஆம் பிரிவு. சட்டம் வருவதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே, 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து வந்த கரும்பலகைத் திட்டம், ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு ஆசிரியர்கள், இயன்றவரை அவர்களுள் ஒருவர் பெண், என்று வாக்களித்தது. பெண் ஆசிரியர் இருந்தால் பெற்றோர் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார்கள் என்பது அதன் கணக்கு. கணக்கு சரியாகவே வேலை செய்தது. ஆனால் அந்தப் பெண் ஊரில் எங்கே தங்குவாள், அவளுடைய கைக்குழந்தையை எங்கே விடுவாள், பேறுகாலத்தில் அவளுடைய வகுப்பை யார் எடுப்பார் என்பவை கணக்கில் சேர்க்கப்படவில்லை. அவையெல்லாம் அவளுடைய 'குடும்ப விஷயம்' ஆயின.

குடும்பம் என்று அரசு எதைக் கருதுகிறது என்பதற்கும் ஆவணச் சான்று உண்டு. உத்தரப் பிரதேச அடிப்படைக் கல்வி ஆசிரியர் பணியமர்த்தல் விதிகள், 2008, பெண் ஆசிரியர் சிறப்புச் சூழலில் மாவட்டம் விட்டு மாவட்டம் மாறுதல் கோரலாம் என்கின்றன. எந்த மாவட்டத்துக்கு? கணவர் வசிக்கும் மாவட்டத்துக்கு, அல்லது மாமனார் மாமியார் வசிக்கும் மாவட்டத்துக்கு. பெற்ற தாய் பக்கவாதத்தில் கிடக்கும் மாவட்டத்துக்கு என்ற பேச்சு அந்த விதியில் இல்லை. அந்த வரியை எழுதிய அதிகாரி அதைச் சலுகையென்றே எண்ணியிருப்பார். பெண்ணைப் பிறந்த வீட்டிலிருந்து பிரித்துப் புகுந்த வீட்டின் உழைப்பாளியாக ஆக்கும் பழைய குடும்ப முறை, அரசிதழில் விதி எண்ணோடு அச்சேறியிருப்பதை அவர் கவனித்திருக்கமாட்டார். கணவன் மனைவி இருவரும் அரசுப் பணியில் இருந்தால் ஒரே இடத்தில் பணியமர்த்த முயல வேண்டும் என்று ஒன்றிய அரசு 1986 முதல் சுற்றறிக்கை அனுப்பி வருகிறது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும், இடமாறுதல் கொள்கை வகுக்கும்போது ஊழியரின் குடும்ப வாழ்க்கையை அரசு கருத்தில் கொள்ள வேண்டும் என்று கூறியது. எனினும் மாறுதல் கேட்பவருடைய பள்ளியில் அடுத்து வருபவர் இல்லையென்றால் எந்தச் சுற்றறிக்கையாலும் என்ன பயன்?

பள்ளி நேரத்துக்குள் அடங்கும் பணியாக இருந்தாலாவது நிலைமை தாங்கக்கூடியதாக இருக்கும். கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு வாரத்துக்கு 45 மணி நேரப் பணியை வகுத்து, பாடம் தயாரிக்கும் நேரத்தையும் அதற்குள் சேர்த்தது. தயாரிப்பும் உழைப்பே என்று ஒப்புக்கொண்ட நல்ல விதி. ஐந்து வகுப்புகளை ஒருவரே மேய்க்கும் பள்ளியில் அந்தத் தயாரிப்பு இரவு பத்து மணிக்குமேல், பாத்திரம் துலக்கி முடித்த பிறகுதான் நடக்கும். அதற்குள் செயலியில் மதிய உணவுக் கணக்கு, சீருடைப் பணத்துக்கு வங்கிக் கணக்கு எண்கள், வாட்ஸ்அப் குழுவில் வட்டாரக் கல்வி அலுவலரின் 'உடனடி' என்ற செய்தி. ஆண் ஆசிரியருக்கும் இவை வருகின்றனவே எனலாம். வருகின்றன, அவர் அவற்றைச் செய்யும்போது தேநீர் அவரிடம் வந்து சேர்கிறது.

தேர்தல் பணியைத் தனியாகப் பார்க்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தடுக்கிறது. அதற்கு முன்பே, 2007 டிசம்பரில், வாக்காளர் பட்டியல் பணியை ஆசிரியர்களிடம் விடுமுறை நாட்களிலும் கற்பித்தல் இல்லாத நாட்களிலும் மட்டுமே ஒப்படைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தைகளின் வகுப்பு கெடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்த தீர்ப்பு அது. அதன் மறுபக்கத்தை யாரும் அதிகம் பேசவில்லை. குழந்தையின் திங்கட்கிழமை காப்பாற்றப்பட்டது. ஆசிரியையின் ஞாயிற்றுக்கிழமை பறிபோனது. ஞாயிறு வெற்று நாள் என்ற எண்ணம், வாரம் முழுவதன் அழுக்குத் துணியை ஞாயிறன்று துவைக்காதவர்களுக்கே தோன்றும்.

2025 நவம்பர் 4 முதல் பன்னிரண்டு மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் நடத்தப்பட்ட சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் விடுமுறை, வேலைநாள் என்ற வேறுபாடே துடைத்தெறியப்பட்டது. வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக வீடுவீடாக அலைந்தவர்களுள் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் மிகுதி. பகலில் படிவம் கொடுத்து வாங்கி, இரவில் பதிவேற்றினார்கள். வேலை பின்தங்கியதென்று நொய்டாவில் அலுவலர்கள் மீது வழக்குகள் பதிவு செய்யப்பட்டன. பணிச்சுமை தாளாமல் மாண்டவர்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பற்றிய செய்திகள் பல மாநிலங்களிலிருந்தும் வந்தன. டிசம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம், கூடுதல் ஊழியர்களை அமர்த்திச் சுமையைக் குறைக்க வேண்டும், தக்க காரணத்தோடு விலக்குக் கோருவோரின் கோரிக்கைகளைத் தனித்தனியே பரிசீலிக்க வேண்டும் என்று மாநில அரசுகளுக்கு உத்தரவிட நேர்ந்தது. அதற்கும் முன்னர், 2021 ஏப்ரலில் பெருந்தொற்றின் உச்சத்தில் உத்தரப் பிரதேசம் ஊராட்சித் தேர்தலை நடத்தியது. அப்பணிக்குச் சென்று இறந்தவர்கள் என்று 1,621 ஆசிரியர், ஊழியர் பெயர்களைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம் பட்டியலிட்டுக் கொடுத்தது. மூவர் மட்டுமே பணியின்போது இறந்தனர் என்று துறை முதலில் அறிவித்தது. எதிர்ப்புக்குப் பிறகே இழப்பீட்டு விதி திருத்தப்பட்டது. பேறுகாலப் பெண்கள் கேட்ட விலக்கும் மறுக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வெளிவந்தன.

இவ்வளவும் நிரந்தர ஆசிரியரைப் பற்றியவை. ஏழாவது ஊதியக் குழுவின் சம்பளம் பெறும் அவரைவிடக் கீழ்ப்படிகளில் நிற்போர் பலர். உத்தரப் பிரதேசத்தின் சிக்ஷா மித்ராக்கள் உதவி ஆசிரியர்களாக முறைப்படுத்தப்பட்டது செல்லாது என்று 2017 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் ஒரே நாளில் முழுச் சம்பளத்திலிருந்து மதிப்பூதியத்துக்குத் தள்ளப்பட்டனர். மாநில அரசு அதனை 10,000 ரூபாயாக, அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதங்களுக்கு, நிர்ணயித்தது. தீர்ப்பின் முதலாண்டு நாளில் லக்னோவில் பெண் சிக்ஷா மித்ராக்களும் தலையை மழித்துக்கொண்டு போராடினர். கூந்தலை இழப்பது எத்தகைய அவமானத்தின் குறியாக வடநாட்டுக் கிராமங்களில் கருதப்படுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் போராட்டத்தின் கடுமை விளங்கும். தனியார் பள்ளி ஆசிரியையின் நிலை இன்னும் மோசம். ஆசிரியர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதிலிருந்து, தொழில் தகராறு சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு இல்லாமல் போயிற்று. பேறுகாலத்துக்குச் சென்றவர் திரும்பி வரும்போது அவருடைய நாற்காலியில் வேறொருவர், அவரிலும் குறைந்த சம்பளத்துக்கு, அமர்ந்திருப்பது அங்கே அதிசயம் அல்ல.

நிரந்தர ஆசிரியை தன் வீட்டுச் சுமையில் ஒரு பகுதியை இன்னொரு ஏழைப் பெண்ணின் தோளுக்கு மாற்றித்தான் வேலைக்கு வருகிறார் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. அந்தப் பெண்ணுக்கு விடுப்பு விதி எதுவும் கிடையாது. ஒரு வீட்டின் முரண் அடுத்த குடிசைக்கு இடம்பெயர்கிறது, தீரவில்லை.

குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இருக்கிறதே என்பார்கள். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2008 செப்டம்பர் முதல் ஒன்றிய அரசின் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலத்தில் 730 நாட்கள் கிடைத்தன. பல மாநிலங்கள் பின்பற்றின. பெண்கள் போராடிக் காக்க வேண்டிய உரிமைதான். ஆனால் அதை வடிவமைத்த விதம் கவனத்துக்குரியது. மனைவியுள்ள ஆண் ஊழியருக்கு அந்த விடுப்பு இல்லை. தனித்து வாழும் தந்தைக்கு மட்டும் 2018 டிசம்பரில் அது நீட்டிக்கப்பட்டது. தாய் இருக்கும் வீட்டில் தந்தைக்குப் பராமரிப்பில் வேலையில்லை என்று அரசே முத்திரை குத்திவிட்டது. அடுத்து, விடுப்பில் செல்பவருக்கு மாற்றாக எவரும் அனுப்பப்படாததால், அனுமதிக்கும் அதிகாரி அதை ஒரு தயவாக மாற்றிக்கொள்கிறார். தொடர்ச்சியாக 730 நாட்களும் எடுக்க விதியில் தடையில்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று ஒரு பெண் ஊழியர் நிலைநாட்ட வேண்டியிருந்தது. பேறுகால நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர் உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. ஒன்று, இரண்டு, நான்கு ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் ஐம்பது எப்போது நிறையும்?

பொதுச் சமையலறை, குழந்தைகள் காப்பகம், மழலையர் பள்ளி ஆகிய எளிய ஏற்பாடுகளைப் புதிய சமூகத்தின் முளைகள் என்று 1919இல் லெனின் அடையாளம் காட்டினார். தொடக்கப் பள்ளியில் அந்த முளைகளுள் இரண்டு ஏற்கெனவே இருக்கின்றன. மதிய உணவு சமைக்கப்படுகிறது. பல ஊர்களில் அதே வளாகத்தில் அங்கன்வாடி நடக்கிறது. அங்கன்வாடியை முழுநாள் காப்பகமாக்கி, ஊழியருக்குத் தொழிலாளிக்குரிய ஊதியம் கொடுத்தால், ஆசிரியையின் குழந்தையும் சமையல் செய்பவரின் குழந்தையும் நடவுக்குச் செல்பவரின் குழந்தையும் ஒரே பாயில் உறங்கலாம். ஒன்றிய அரசோ 2017இல் தேசியக் காப்பகத் திட்டத்தின் நிதிப் பங்கீட்டையே மாற்றித் தன் பங்கை 90 விழுக்காட்டிலிருந்து 60 ஆகக் குறைத்துக்கொண்டது. காப்பகங்கள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன.

மாற்று ஆசிரியர் என்பது கேட்பாரற்ற கற்பனையும் அல்ல. ரயில்வேயில் பணியாற்றும் தோழர்களுக்கு இது நன்கு தெரியும். நிலைய அதிகாரியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதற்காக ரயில் நிலையத்தைப் பூட்டுவதில்லை. எத்தனை பேர் விடுப்பில் இருப்பார்கள் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கென 'விடுப்பு இருப்பு'ப் பணியிடங்கள் அங்கே உருவாக்கப்பட்டுள்ளன. வார ஓய்வுக்குச் செல்பவரின் இடத்தில் நிற்பதற்கு 'ரெஸ்ட் கிவர்' என்றே ஒரு பணி இருக்கிறது. சரக்கு வண்டி நிற்கக்கூடாது என்பதில் அரசுக்கு இருக்கும் அக்கறை, மூன்றாம் வகுப்பின் பெருக்கல் வாய்ப்பாடு நிற்கக்கூடாது என்பதில் இல்லை. வட்டாரத்துக்கு இத்தனை பேர் என்று நிரந்தரமான விடுப்பு இருப்பு ஆசிரியர்களை நியமிக்கக் கோருவது, வேலையற்று நிற்கும் பயிற்சி பெற்ற இளைஞர்களின் கோரிக்கையோடும் நேராக இணையும்.

ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இது எங்கே இருக்கிறது என்று பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். பழைய ஓய்வூதியம் முதலிடத்தில் இருக்கும், இருக்க வேண்டியதும்தான். பணியிலிருப்போரும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்ற 2025 செப்டம்பர் 1ஆம் நாள் தீர்ப்பு அடுத்து இருக்கும். ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள அனைவருக்கும் இரண்டாண்டுக் கெடு. நாற்பத்தெட்டு வயதுப் பெண் எந்த இரவில் படிப்பாள் என்ற கோணம் அந்த விவாதத்திலும் அரிதாகவே எழுகிறது. காரணம் வெளிப்படை. உறுப்பினர்களில் பெரும்பகுதி பெண்களாக உள்ள சங்கங்களிலும் நிர்வாகிகளில் பெரும்பகுதி ஆண்கள். செயற்குழு மாலை ஆறு மணிக்குத் தொடங்கி, இரவு உணவுக்குப் பின்னும் நீள்கிறது. அந்தக் கூட்டத்துக்கு வர முடியாதவளின் பிரச்சனை அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் எப்படி இடம்பெறும்?

பூட்டிய பள்ளியின் வாசலில் நிற்கும் பெற்றோரின் கோபம் ஆசிரியை மீது திரும்பும்போது, பக்கத்து ஊர்த் தனியார் பள்ளியின் வேன் அங்கே வந்து நிற்கிறது. உத்தரப் பிரதேச அரசு 2025 ஜூனில் பிறப்பித்த பள்ளி இணைப்பு ஆணை, பிள்ளைகள் குறைந்த பள்ளிகளைத்தான் குறிவைத்தது. முதலில் ஆசிரியரைக் குறைத்து, அதனால் பிள்ளைகள் குறைந்ததும் பள்ளியையே எடுத்துவிடும் வழி இது. எனவே அந்த வாசலில் நிற்கும் இரு பெண்களும் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்ப்பது அரசுக்கு வசதியானது.

அவ்விருவரும் ஒரே மேசையில் அமரும் இடம் ஒன்றைச் சட்டமே கொடுத்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். 22ஆம் பிரிவு அந்தக் குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தை அரசின் திட்டத்துக்கும் நிதிக்கும் அடிப்படையாக்குகிறது. எத்தனை ஊர்களில் அந்தத் திட்டத்தைத் தலைமையாசிரியரே எழுதிக் கைரேகை மட்டும் வாங்கிக்கொள்கிறார் என்பது ஊரறிந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் மாதர் அமைப்புக்கும் கிளைகள் உள்ள ஊர்களில், அடுத்த ஆண்டின் திட்டத்தைக் குழுவின் பெண்கள் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டு, இரண்டாவது ஆசிரியர், வட்டாரத்துக்கான மாற்று ஆசிரியர், வளாகத்துக்குள் முழுநாள் காப்பகம் ஆகிய மூன்றையும் அதில் எழுதவைக்க முடியும். திட்டம் எழுதும் கூட்டம் பகலில், பள்ளி முடியும் நேரத்தில் நடக்க வேண்டும். கைக்குழந்தைகளையும் அழைத்து வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.